துணிக்கூரைக் காரும் டர்பன் கடற்காற்றும்

நம்மவர்கள் யார் என் வண்டியைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?" லிட்டருக்கு ஒன்பது, கால் கொஞ்சம் கனத்தால் ஏழு என்று சொன்னதும் முகம் சுருங்கிவிடும். அடுத்த கேள்வி, "மழை வந்தா என்ன பண்ணுவீங்க?" சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்திக் காட்டுவேன். 12 வினாடியில் கூரை மூடிக்கொள்ளும். 50 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடலாம். கேட்டவர் திருப்தியாகப் போய்விடுவார். ஆனால் அந்த இரண்டாவது கேள்வி அத்தனை சுலபத்தில் முடிகிற விஷயமில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாதிரிக் கடலோர ஊரில் இந்த வண்டி வைக்கும் செலவில் பாதிக்கு மேல் தண்ணீர், உப்பு, சும்மா நிறுத்திவைப்பது ஆகிய மூன்றிலிருந்தே வருகிறது. எஞ்சின் பாவம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

வண்டி போர்ஷே பாக்ஸ்டர் எஸ், 987 வரிசையில் 2009இல் மாற்றியமைத்து வந்த மாடல். 3.4 லிட்டர், படுக்கைவாட்டில் ஆறு சிலிண்டர், 228 கிலோவாட். நம் கணக்கில் 310 குதிரைத்திறன். ஆறு கியர், மேனுவல். இரண்டாம் கையாகத்தான் வாங்கினேன். அந்த ஆண்டுக்கு முந்தைய எஞ்சின்களில் இடைத்தண்டு ஒன்று உண்டு. அதைத் தாங்கும் பேரிங் உடைந்து எஞ்சினே போன கதைகள் ஏராளம். 2009 எஞ்சினில் அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள். பழைய வண்டியைக் குறைந்த விலைக்குப் பார்த்து மயங்குகிற நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விலை வித்தியாசத்தைப் பேரிங் பயத்துக்கான பிரீமியமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைத் திறந்து பார்க்க முடியாது என்பது ஊரிலிருந்து வந்த என் மாமாவுக்குத் தாங்கவே முடியாத விஷயமாக இருந்தது. முன்னால் திறந்தால் டிக்கி, பின்னால் திறந்தாலும் டிக்கி. எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால் ஒளிந்திருக்கிறது. ஆயிலும் கூலன்ட்டும் ஊற்றுகிற மூடிகள் மட்டும் பின் டிக்கியில் எட்டிப் பார்க்கும். "இவ்வளவு காசு குடுத்து எஞ்சினைக் கண்ணால பாக்க முடியாத வண்டியா மாப்ள?" என்றார். பதில் சொல்லவில்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அம்ஷ்லங்காவிலிருந்து வடக்கே எம்4 சாலையில் கூரையைத் திறந்துகொண்டு ஒரு சுற்று போய்வந்தேன். இரண்டாவது கியரில் அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து ஏறி வந்தபோது மாமா கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவில்லை. அதன்பிறகு எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்ற பேச்சே எழவில்லை.

இனித் தண்ணீர். துணிக்கூரை என்றால் தண்ணீர் துணி வழியாக இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நல்ல துணி லேசில் ஒழுகாது. கூரை மடிந்து போய் உட்காருகிற பள்ளத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வடிகால் துளை இருக்கிறது. கூரையில் விழுகிற மழைநீர் வழிந்து அங்கே வந்து, குழாய் வழியாக வண்டிக்கு அடியில் போக வேண்டும். அந்தத் துளையில் இலை, தூசி, மரத்துப் பூ எல்லாம் சேர்ந்து சேறாகி அடைத்துக்கொண்டால் தண்ணீர் எதிர்த்து உள்ளே வரும். வந்து தேங்குவது சீட்டுக்கு அடியில், கம்பளத்துக்குக் கீழே. அலாரத்தையும் பூட்டையும் பார்த்துக்கொள்கிற மின்னணுப் பெட்டி இருப்பதும் அங்கேதான். அது நனைந்தால் வண்டி சாவியை அடையாளம் கண்டுகொள்ளாது. மொத்தத்தில் ஒரு பிடி இலை கொண்டுவருகிற செலவு, நல்ல மோட்டார் சைக்கிள் விலை.

அதைச் சுத்தம் செய்கிற விதத்தை டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணன்தான் காட்டிக்கொடுத்தார். அவருடைய முப்பாட்டனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். அண்ணனுடைய தமிழில் அந்தப் பக்கத்து வாசனை இன்னும் இருக்கிறது. கூரையைப் பாதியில் நிறுத்தினார். பின் மூடி தூக்கிக்கொண்டு நின்றது. டார்ச் அடித்து, விரலை விட்டுத் துழாவிக் கறுப்புக் களியாக ஒரு உருண்டையை எடுத்தார். அதற்குள் ஒரு வேப்பங்கொட்டை அளவு விதை முளைவிட்டிருந்தது. "பாரு தம்பி, காருக்குள்ள தோட்டம் போட்டிருக்கான்" என்றார், முந்தைய உரிமையாளரை நினைத்து. பிறகு புல்வெட்டும் இயந்திரத்தில் போடுகிற தடித்த நைலான் நூலை ஒரு முழம் வெட்டி, நுனியைத் தீயில் காட்டி மழுங்கவைத்து, குழாய்க்குள் மெல்ல விட்டு மேலும் கீழும் இழுத்தார். ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். அடியில் சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்துப் பிறகு ஓட்டமாக வந்தது.

கம்ப்ரஸர் காற்றை அடித்துவிட்டால் நிமிடத்தில் முடியுமே என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். காற்றின் அழுத்தத்தில் குழாய் உள்ளே இணைப்பிலிருந்து கழன்றுகொள்ளும். அப்புறம் மழைநீர் நேராக வண்டிக்குள்தான். முன்பக்கத்திலும், கண்ணாடிக்குக் கீழே பேட்டரி இருக்கிற இடத்தில், இதேபோல வடிகால் உண்டு. மழைக்காலம் தொடங்கும் முன் செப்டம்பரிலும், நடுவில் ஜனவரியிலும் இந்த எல்லாத் துளைகளிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுகிறேன். வீட்டு வாசலில் மரம் இருக்கிறவர்கள் மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மென்மையான பிரஷ், நெசவு போகிற திசையில் மட்டும், மிதமான சோப்பு. பிரஷ் சுழலும் தானியங்கிக் கழுவுமிடம் வேண்டாம், பிரஷர் வாஷரும் வேண்டாம். ஈரத்தோடு மடிக்காதீர்கள், இந்த ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை, நன்றாகக் காய்ந்த பிறகு, துணிக்கூரைக்கென்றே வரும் நீர் ஒட்டாத திரவத்தைப் பூசினால் போதும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும் வரை அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சொல்ல வேண்டியது கரும்புச் சாம்பலைப் பற்றி. ஏப்ரலிலிருந்து ஆண்டுக் கடைசி வரை வெட்டு நடக்கும்போது டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைப்பார்கள். சோகையை எரித்துவிட்டால் வெட்டுவது சுலபம். நூல் நூலாகக் கறுப்புச் சாம்பல் காற்றில் ஏறிக் கிலோமீட்டர் கணக்கில் பறந்துவந்து விழும். 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் வேலை செய்யப் போனதும் இந்தக் கரும்புக்குத்தான். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் எனக்கும் இன்று அது வெள்ளைக் காரில் விழும் கரி. என்னவோ, கையில் துணியோடு நிற்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. சாம்பலைத் துடைக்கவே கூடாது. துடைத்தால் மை தடவியது போல நெசவுக்குள் இறங்கிவிடும். காய்ந்த நிலையிலேயே வேக்குவம் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும், அல்லது காற்றடித்துத் தள்ள வேண்டும். அப்புறம்தான் தண்ணீர்.

ஹடீடா என்றொரு பறவை உண்டு, காலையில் ஊரையே எழுப்பிவிடும் தொண்டை. அதன் எச்சம் பெயின்டை அரிக்கும். தண்ணீர்ப் பாட்டிலும் பழைய பருத்தித் துணியும் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள். நாவல் மரத்தடியில் நிறுத்தினால் கறை துணிக்கு நிரந்தரம். நம் முன்னோர் வந்த கடல்வழியே இந்த ஊருக்கு வந்துசேர்ந்த மரம், நிழல் அருமையாக இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் மிஞ்சுவது குரங்கு. கோயில் வாகன நிறுத்தத்தில் கூரையைத் திறந்து வைத்துவிட்டுப் பூக்கடையில் நின்றிருந்தோம். திரும்பிப் பார்த்தால் கறுப்பு முகக் குரங்கு ஒன்று ஓட்டுநர் சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து, மனைவி கட்டிக்கொண்டுவந்த வடைப் பொட்டலத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தது. தோல் சீட்டில் சட்னி. அதுகூடப் பரவாயில்லை. கூரை மூடியிருந்தால், உள்ளே வாழைப்பழ வாசனை வந்தால், நகத்தால் துணியைப் பிராண்டிப் பார்க்கும். வண்டிக்குள் சாப்பாடு, பிரசாதம் எதுவும் வைக்காதீர்கள் என்பது இந்த ஊரில் முதல் விதி. ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சவ் வாங்கினால் கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள். அந்தக் குழம்பு குரங்கைவிட ஆபத்து.

வண்டிப் பூஜையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புது வண்டி எடுக்கிற எல்லோரும் செய்கிறோம். எலுமிச்சை டயருக்கு அடியில் நசுங்குவதில் ஒரு பாதகமும் இல்லை. மஞ்சளும் குங்குமமும்தான் சிக்கல். பெயின்டில் வெயில் பட்டுக் காய்ந்த மஞ்சள் சாயம் லேசில் போகாது. துணிக்கூரையில் குங்குமம் பட்டால் போகவே போகாது. அர்ச்சகரிடம் பணிவாகச் சொல்லி, பொட்டை முன்கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள். "கண்ணாடிக்கு மேல வெச்சாலும் சாமிக்குத் தெரியும் தம்பி" என்று சிரித்துக்கொண்டே வைத்தார் எங்கள் அர்ச்சகர்.

உப்பு கண்ணுக்குத் தெரியாது. கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் காலையில் பிரேக் தட்டில் செம்மண் நிறத்தில் மெல்லிய துரு படிந்திருக்கும். ஓட்டி இரண்டு முறை பிரேக் போட்டால் போய்விடும், கவலை வேண்டாம். கழுவிய கையோடு அப்படியே ஷெட்டில் விடுவதுதான் தப்பு. ஒரு சுற்றுப் போய் பிரேக்கைச் சூடாக்கிக் காயவைத்து விடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். சைலன்ஸர் போல்ட்டுகள் துருப்பிடித்து உடைவது இந்த வண்டிக்குப் பேர்போன வியாதி.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று யார் கண்ணிலும் படுவதில்லை. முன் பம்பரில் இரண்டு பக்கமும் காற்று போகிற வாய்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குள் ஏசி கண்டென்ஸரும் அதற்குப் பின்னால் ரேடியேட்டரும் நிற்கின்றன. சாலையில் கிடக்கிற இலை, சருகு, சிகரெட் துண்டு எல்லாவற்றையும் அந்த வாய்கள் விழுங்கும். உப்புக் காற்றில் நனைந்த சருகு கண்டென்ஸரின் அடிப்பகுதியில் ஈரமாகவே கிடந்து அலுமினியத்தை அரிக்கும். ஒரு நாள் ஏசியில் குளிர்ச்சி இருக்காது. ஒரு பணிமனையில் எனக்குச் சொன்ன தொகையைக் கேட்டபோது ஏசி இல்லாமலே வாழப் பழகலாமா என்று தோன்றியது. வருடத்துக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்வது உத்தமம். அதற்கு நடுவில், வேக்குவமின் குழாய் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி அந்த வாய்க்குள் விட்டு உறிஞ்சினால் ஒரு பை நிறையச் சருகு வரும்.

மூன்றாவது விஷயம் நிறுத்திவைப்பது. இந்த மாதிரி வண்டியை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பட்டுப்புடவை போலப் பெட்டிக்குள் பூட்டிவைக்கிறார்கள். "ஓட விடு தம்பி, நிக்க வெச்சா செத்துப்போவும்" என்பது மெக்கானிக் அண்ணனின் ஓயாத பாட்டு. இந்த நாட்டில் விலை உயர்ந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் டிராக்கர் கருவி கேட்பார்கள். அது இரவும் பகலும் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். சில வாரம் சும்மா நின்றால் பேட்டரி காலி. அப்போதுதான் வேடிக்கை ஆரம்பிக்கும்: பேட்டரி முன் டிக்கியில் இருக்கிறது, முன் டிக்கி மின்சாரத்தால்தான் திறக்கும். பலர் இந்த இடத்தில் டோ டிரக்கைக் கூப்பிடுகிறார்கள். தேவையில்லை. கால் வைக்கிற இடத்துப் பக்கவாட்டில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் வெளியே இழுக்கக்கூடிய ஒரு முனை இருக்கும். வேறொரு 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை அதிலும், நெகட்டிவைக் கதவு பூட்டிக்கொள்ளும் உலோகக் கொண்டியிலும் கொடுத்து, சாவியில் டிக்கிப் பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்ளும். அலாரம் அலறினால் பதறாதீர்கள். இந்த வழியில் கொடுக்கிற மின்சாரம் டிக்கியைத் திறப்பதற்கு மட்டும். வண்டியை ஸ்டார்ட் செய்ய முயலக் கூடாது.

மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் கருவி ஒன்று ஷெட்டில் எப்போதும் இருந்தால் இந்தக் கூத்தே வராது. 2022, 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, மின்சாரம் திரும்பும் நொடியில் வரும் அழுத்தத்தைத் தடுக்கும் பிளக்கையும் சேர்த்து வாங்கினேன்.

டயரும் நின்றே சாகும். பூ தேயாமல் புதுசு போல இருக்கும், ஆனால் ரப்பர் கல்லாகியிருக்கும். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பிறகு வருகிற வரிசையில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறேழு வருடத்துக்கு மேல் போன டயரில் இவ்வளவு சக்தியை நம்பி ஏற்றாதீர்கள், ஈரச் சாலையில் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றும். முன்னும் பின்னும் அளவு வேறு. 18 அங்குலச் சக்கரத்தில் முன்னால் 235, பின்னால் 265 அகலம். அதனால் இடம் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் முடியாது. பின் டயர் உள் ஓரத்தில்தான் முதலில் தேயும், நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஸ்டெப்னி கிடையாது, பஞ்சருக்கு ஒரு திரவமும் சிறு பம்பும்தான். குழியில் விழுந்து பக்கவாட்டுக் கிழிந்தால் திரவம் பிரயோஜனப்படாது. மழைக்குப் பிறகு கிராமப்புறச் சாலைகளில் தண்ணீர் தேங்கிய இடத்தைக் குழி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு அந்தச் சாலைகளில் நான் போவதே இல்லை. மாடும் குறுக்கே வரும்.

ஓட்டுவதைப் பற்றி. கூரை திறந்து ஓட்டுகிற காலம் கோடை என்பது ஐரோப்பாக்காரர்கள் கணக்கு. டர்பன் கோடையில் நடுப்பகலில் கூரையைத் திறந்தால் மண்டை காய்ந்துவிடும், சாயங்காலம் இடி மழை. மே முதல் ஆகஸ்ட் வரை வானம் சுத்தமாக இருக்கும், வெயில் இதமாக இருக்கும், அதுதான் இதற்குப் பருவம். ஞாயிறு விடிகாலையில் போத்தாஸ் ஹில் வழியாகப் போகிற பழைய சாலை, ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி எட்டிப் பார்க்கும். சைக்கிள்காரர்கள் நிறையப் பேர் பயிற்சி செய்கிற பாதை, பொறுமை வேண்டும். இன்னும் மேலே ஹோவிக் தாண்டினால் ஆர்103. 1962 ஆகஸ்ட் 5ஆம் தேதி, கார் ஓட்டுநர் வேடத்தில் ஜோஹன்னஸ்பர்க் திரும்பிக்கொண்டிருந்த மண்டேலாவைப் போலீஸ் மடக்கியது இந்தச் சாலையில்தான். நினைவிடத்தில் நிறுத்தி இறங்காமல் போகிற நாள் எனக்குக் குறைவு. மனைவி தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு இந்த வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, தலைக்கு ஒரு ஸ்கார்ஃப், முன்கண்ணாடியின் நிழலுக்குள் கொஞ்சம் சாய்ந்த சீட், இருவருக்கும் சன்ஸ்கிரீன்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிதிக்காதீர்கள். கூலன்ட் முள் 80ஐத் தொட்டுவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். ஆயில் சூடாவதற்கு அதைவிட நேரமாகும். இந்த மாடலில் ஆயில் சூட்டைக் காட்டும் முள் இல்லை. முள் நடுவுக்கு வந்து இன்னும் பத்து நிமிடம் போகட்டும், அதுவரை எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் வேண்டாம்.

என்3 நெடுஞ்சாலையில் ஏறி வான் ரீனன் கணவாய் தாண்டி ஜோஹன்னஸ்பர்க் போனால் வண்டி சோம்பலாகிவிட்டதோ என்று தோன்றும். 1,750 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு, டர்போ இல்லாத எஞ்சினில் ஆறில் ஒரு பங்கு சக்தி போய்விடும். அந்த ஊரில் வசிக்கிறவர் என்னிடம் கேட்டால், 2016இல் வந்த டர்போ பாக்ஸ்டரான 718ஐப் பாருங்கள், சத்தம் சுமார்தான், மேட்டில் இழுவை குறையாது என்பேன். பெட்ரோல் பங்கில் இன்னொன்று. இங்கே நாமே போட்டுக்கொள்கிற வழக்கம் கிடையாது, ஊழியர்தான் போடுவார். கடற்கரையில் 95 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும், உள்நாட்டில் 93ம் இருக்கும். 95 என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். மூடி முன் வலப்பக்கச் சக்கரத்துக்கு மேலே இருக்கிறது. வண்டியைப் பின்னால் சுற்றித் தேடாத ஊழியரை நான் இன்னும் பார்க்கவில்லை. அங்கே கோடைப் பிற்பகலில் ஆலங்கட்டி மழையும் உண்டு. துணி தப்பிக்கும், பானெட் அம்மைத் தழும்பு போட்டுக்கொள்ளும். மூன்று மணிக்கு மேல் கூரையுள்ள நிறுத்தமாகப் பார்த்து விடுங்கள்.

நகருக்குள் சிக்னலில் நிற்கும்போது கைப்பை, போன் எதுவும் மடியில் வேண்டாம், முன் டிக்கியில் வைத்துவிடுங்கள். இருட்டினால் கூரையை மூடிவிடுவேன். நிறுத்திவிட்டுப் போகும்போது உள்ளே ஒரு சில்லறைக் காசுகூடக் கண்ணில் படக் கூடாது. துணியைக் கிழிக்க ஒரு பிளேடு போதும்.

வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சர்வீஸ் புத்தகம் பளபளப்பாக இருந்தால் மட்டும் போதாது. எஞ்சினின் கணினியில், வரம்பைத் தாண்டி எஞ்சின் சுழன்ற தருணங்கள் ஆறு படிகளாகப் பதிவாகியிருக்கும், எந்த மணிநேரத்தில் என்பது உட்பட. ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்குப் பதில் தவறி இரண்டில் போட்டால் சுழற்சி வரம்பைக் காக்கும் லிமிட்டர் ஒன்றும் செய்ய முடியாது, சக்கரமே எஞ்சினைச் சுழற்றிவிடும். அது அங்கே எழுதியிருக்கும். கீழ்ப் படிகளில் கொஞ்சம் எண்கள் இருப்பது சகஜம். நான்காவது படிக்கு மேல் எண் இருந்து, அது சமீபத்திய மணிநேரத்தில் என்றால் விலகிவிடுங்கள். ரிப்போர்ட் எடுக்க அரை மணிநேரம்கூட ஆகாது. எடுக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அவர் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.